படம், தாள், சட்டம்: அளவுகள் பொருந்தும் விதம்

செல்பேசியில் எடுத்த படத்தை 4×6 அங்குலத் தாளில் ஓரம் விடாமல் அச்சிட்டால், படத்தின் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு தாளுக்கு வெளியே போய்விடுகிறது. அதே படத்தை 6×8 தாளில் அச்சிட்டால் நூலளவும் போவதில்லை. இரண்டு தாளும் ஒரே ஸ்டுடியோவில் கிடைப்பவைதான். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் படத்திலும் தாளிலும் ஒன்றாக இருந்தால் படம் முழுதாக வருகிறது. வேறாக இருந்தால் ஏதோ ஒரு பக்கம் வெட்டுப்படுகிறது, அல்லது வெள்ளையாக நிற்கிறது.

வேலூர், ஆற்காடு, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி அமைந்த தோல் தொழில் ஊர்களில் அச்சுப் படத்தின் தேவை பலவகைப்பட்டது. கல்யாண ஆல்பம், காரியத்தன்று மாலை போடும் படம், ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்பவரின் அடையாள அட்டை, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் காலணி மாதிரியின் படம், மாணவரின் தேர்வு விண்ணப்பம், விசாவுக்கான படம் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விகிதத்தைக் கேட்கிறது. கேமராவின் விகிதம் ஒரு வரலாற்றிலிருந்தும், தாளின் அளவு வேறொரு வரலாற்றிலிருந்தும் வந்தவை. சட்டத்துக்கோ தனிக் கணக்கு உண்டு. இம்மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன, மோதும் இடத்தில் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

கேமராவின் விகிதங்கள்

இன்று புழக்கத்தில் உள்ள முதன்மையான விகிதங்கள் நான்கு: 4:3, 3:2, 16:9, 1:1.

4:3 திரைப்படத்தின் வழியில் வந்தது. 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் 35 மி.மீ. பிலிமில் வகுத்த சட்டகம் 24 மி.மீ. அகலமும் 18 மி.மீ. உயரமும் கொண்டது. பேசாப் படக் காலத்துத் திரையும், பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியும், 640×480 பிக்சல் கொண்ட கணினித் திரையும் இதே விகிதத்தைப் பின்பற்றின. டிஜிட்டல் கேமராக்கள் கணினித் திரையில் பார்ப்பதற்கென்றே வந்ததால் சிறிய கேமராக்களும் 4:3 ஆயின. செல்பேசிக் கேமராக்களின் உணரிகளும் பெரும்பாலும் அப்படியே அமைந்தன. 12 மெகாபிக்சல் செல்பேசியின் படம் பெரும்பாலும் 4032×3024 என்று இருப்பது இதனால்தான்.

3:2 லைகாவின் கொடை. திரைப்பட பிலிமைப் படுக்கவைத்து இரண்டு சட்டகங்களை ஒன்றாக்கினால் 36×24 மி.மீ. கிடைக்கும். ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925இல் விற்பனைக்கு வந்த லைகா கேமரா இந்த அளவைப் பரப்பியது. கல்யாணத்துக்கு வரும் புகைப்படக்காரர்களிடம் உள்ள டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலானவை இன்றும் இதே விகிதத்தில்தான் படம் பிடிக்கின்றன. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000 என்று வரும்.

16:9 உயர்துல்லியத் தொலைக்காட்சிக்காக வந்த விகிதம். செல்பேசியில் திரை நிறையும்படி எடுக்கும் படம் 16:9ஆகவோ, 20:9 போல இன்னும் ஒடுங்கியதாகவோ இருக்கும். திரையில் பெரிதாகத் தெரிந்தாலும், உணரியின் 4:3 பரப்பிலிருந்து இரு பக்கமும் கழித்துக் கிடைப்பதே இது. அச்சிட வேண்டிய படத்தை இந்த அமைப்பில் எடுத்தால், தாளுக்கு உதவியிருக்கக்கூடிய பகுதி எடுக்கும்போதே போய்விடும்.

1:1 என்னும் சதுரம், 120 பிலிமில் 6×6 செ.மீ. எடுத்த கேமராக்களின் விகிதம். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் உழைத்த யாஷிகா மேட்டும், வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3உம் சதுரமாகவே படம் பிடித்தன. 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம் 2015 வரை சதுரத்தை மட்டுமே ஏற்றதால் அந்த வடிவம் மறுபடியும் பரவியது.

தாளின் அளவுகள்

அங்குலக் கணக்கில் பேசப்படும் தாள் அளவுகளில் பழையவை கண்ணாடித் தகட்டின் காலத்தவை. முழுத் தகடு 6½×8½ அங்குலம்; அரைத் தகடு 4¾×6½; கால் தகடு 3¼×4¼. முழுத் தகட்டையும் கால் தகட்டையும் வகுத்துப் பார்த்தால் இரண்டும் 1.31 என்ற விகிதத்தில் நிற்கின்றன. 4:3 என்பது 1.33. ஆகவே, பரணில் கிடக்கும் தாத்தா காலத்து ஸ்டுடியோப் படத்தைச் செல்பேசியில் பிரதி எடுத்தால் கிட்டத்தட்ட முழுதும் பொருந்திவிடும். இத்தகைய பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் மின்னுருவாக்கியுள்ளது. பழைய படத்தைப் பிரதி எடுப்பவர் அதன் அட்டையையும் ஓரத்தையும் சேர்த்தே எடுத்துவைப்பது நல்லது. இன்றைய தாளுக்கேற்ப வெட்டுவதை இன்னொரு பிரதியில் செய்துகொள்ளலாம்.

5:4 விகிதமுள்ள 8×10, 4×5 ஆகியவை பெரிய தகட்டுக் கேமராவின் அளவுகள். 8×10 தகட்டை அதே அளவுத் தாளின் மேல் வைத்து ஒளி காட்டினால் முழுப் படமும் இறங்கும். 35 மி.மீ. பிலிம் வந்தபின் 8×10 அதற்குப் பொருந்தவில்லை என்றாலும், தாளும் ஆல்பமும் சட்டமும் அந்த அளவில் நிலைபெற்றுவிட்டன. 12×15, 16×20 ஆகியவையும் இந்தக் குடும்பமே. 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் தயாரித்துவந்த காலத்தில், இருட்டறையில் எந்தப் பகுதியைத் தாளுக்குள் கொண்டுவருவது என்பது எதிர்ப்படத்தைப் பெரிதாக்குபவரின் கைத்திறனாக இருந்தது. இப்போது அம்முடிவைப் பெரும்பாலும் இயந்திரமே எடுத்துவிடுகிறது. படத்தின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு ஓரங்களைத் தள்ளிவிடுவதுதான் அதன் இயல்பு.

வண்ணப் பட ஆய்வகங்களில் தாள் சுருளாக வருகிறது. சுருளின் அகலம் 4, 5, 6, 8, 10, 12 அங்குலம் என நிலையானது. நீளத்தை மட்டும் வேண்டியபடி வெட்டலாம். ‘எட்டுக்குப் பத்து’ கேட்டாலும் ‘எட்டுக்குப் பன்னிரண்டு’ கேட்டாலும் ஓடுவது ஒரே 8 அங்குலச் சுருள்தான். மிச்சம் 2 அங்குல நீளம் மட்டுமே. கல்யாண ஆல்பங்களில் 12×24, 12×30, 12×36 என எல்லாமே பன்னிரண்டில் தொடங்குவதற்கும் சுருளின் அகலமே காரணம். அகழியுடன் நீளும் வேலூர்க் கோட்டை மதிலைச் செல்பேசியின் பனோரமாவில் எடுத்தவருக்கு இந்த நீள அளவுகள் கைகொடுக்கும். 12×36 தாளில் 3:1 விகிதப் படம் வெட்டுப்படாமல் நிற்கும்.

ஏ4 தாள் வேறு மரபைச் சேர்ந்தது. அதன் விகிதம் 1:√2. பாதியாக மடித்தாலும் விகிதம் மாறாது என்ற பண்பை 1786இல் ஜெர்மன் அறிஞர் லிக்டன்பெர்க் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். 1922இல் அது ஜெர்மன் தரமாயிற்று. புகைப்படத்துக்கும் இந்த விகிதத்தில் ஒரு வசதி உண்டு. 4/3ஐயும் 3/2ஐயும் பெருக்கினால் 2; அதன் வர்க்கமூலம் √2. அதாவது ஏ4 இரண்டு விகிதங்களுக்கும் சரிநடுவில் நிற்கிறது. செல்பேசிப் படமும் 3:2 விகிதமுள்ள பெரிய கேமராவின் படமும் ஏ4 தாளில் ஒரே அளவு, சுமார் 6 விழுக்காடு, இழக்கின்றன. இரு வகைப் படங்களும் கலந்து வரும் நிகழ்ச்சிக்கோ காலணி விவரப் புத்தகத்துக்கோ ஏ4 ஏற்றதாக இருப்பது இதனால்தான்.

இழப்புக் கணக்கு

தாளை முழுதும் நிரப்பும்போது படத்தின் பரப்பில் எவ்வளவு போகும் என்பதைக் கணக்கிட ஒரு வகுத்தல் போதும். நீளத்தை அகலத்தால் வகுத்தால் விகித எண் கிடைக்கும். படத்தின் எண், தாளின் எண் இரண்டில் சிறியதைப் பெரியதால் வகுத்து, 1இலிருந்து கழித்தால் வருவதே இழப்பு. படத்தின் எண் பெரிதாக இருந்தால் நீளவாட்டின் முனைகள் வெட்டுப்படும். தாளின் எண் பெரிதாக இருந்தால் அகலவாட்டின் முனைகள் வெட்டுப்படும்.

| தாள் (அங்குலம்) | 4:3 படம் | 3:2 படம் | 16:9 படம் |
|---|---|---|---|
| 4×6, 8×12, 12×18 | 11% | 0 | 16% |
| 5×7 | 5% | 7% | 21% |
| ஏ4 | 6% | 6% | 20% |
| 6×8, 12×16 | 0 | 11% | 25% |
| 8×10, 12×15, 16×20 | 6% | 17% | 30% |
| 10×12 | 10% | 20% | 33% |

சதுரப் படம் 4×6 தாளை நிரப்பினால் மூன்றில் ஒரு பங்கு போகும். ஓரமில்லா அச்சில் தாளின் விளிம்பு வெள்ளையாகத் தெரியாதிருக்க இயந்திரம் படத்தைச் சற்றுப் பெரிதாக்கியே அச்சிடும் என்பதால், ஒவ்வொரு பக்கமும் சில மில்லிமீட்டர் கூடுதலாகப் போவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விழுக்காடு எல்லாப் படத்துக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை. மண்டப மேடையில் இரு வீட்டாரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் 3:2 படத்தை 12×15 தாளில் போட்டால் 17 விழுக்காடு நீளவாட்டில் போகும். இரு முனையிலும் நிற்பவர்கள் வெட்டுப்படுவார்கள். அதே இழப்பு, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைச் செங்குத்தாக எடுத்த படத்தில் மேலே உள்ள வானத்தையும் கீழே உள்ள தரையையும் குறைப்பதோடு நின்றுவிடலாம்.

வெட்டுவதும் வெட்டாமல் விடுவதும்

விகிதம் பொருந்தாத இடத்தில் வழிகள் நான்கு.

முதல் வழி வெட்டுவது. ஷூ கம்பெனியில் கட்டிங் மேசையில் இருப்பவர், தோலின் முதுகுப்பகுதியில் காலணியின் முகப்புத் துண்டையும் வயிற்றுப்பகுதியில் கண்ணுக்குப் படாத துண்டையும் பார்த்து வைப்பதைப் போல, படத்தில் முக்கியமானது எது என்று பார்த்துச் செய்தால் வெட்டு நல்ல வழிதான். இயந்திரத்தின் நடுவெட்டுக்கு விடாமல், எந்தப் பக்கம் வெட்டலாம் என்பதைச் செல்பேசியிலேயே விகிதம் குறித்து வெட்டிக் கொடுத்துவிடலாம்; அல்லது ஸ்டுடியோவில் திரையில் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது, வெள்ளை ஓரம் விடுவது. 4:3 படம் 4×6 தாளில் முழுதாக வர வேண்டுமானால் 4×5⅓ அங்குலத்தில் அச்சாகும். நீளவாட்டில் இரு முனையிலும் ⅓ அங்குலம் வெள்ளை நிற்கும். படத்தைச் சற்றே சிறிதாக்கி நான்கு பக்கமும் ஓரம் விட்டால் பார்வைக்கு இன்னும் ஒழுங்காக இருக்கும்.

மூன்றாவது, தாளை மாற்றுவது. செல்பேசிப் படத்துக்கு 4×6க்குப் பதில் 6×8, 12×18க்குப் பதில் 12×16. பெரிய கேமராவின் படத்துக்கு 8×10க்குப் பதில் 8×12. செலவு தாளின் அளவுக்கேற்பக் கூடும் அல்லது குறையும். வெட்டு வேலையே இராது.

நான்காவது, இல்லாத பகுதியை உண்டாக்குவது. பின்னணி வெறும் சுவராகவோ வானமாகவோ இருந்தால் அதை நீட்டித் தாளை நிரப்புவது எளிது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இதை நொடியில் செய்துவிடுகின்றன. கூட்டம், கட்டடம், கோலம் போன்ற பின்னணியில் இல்லாத கையும் தூணும் முளைக்கும் ஆபத்து உண்டு. நீளத்தையும் அகலத்தையும் வெவ்வேறு அளவில் இழுத்து நிரப்புவது எந்நிலையிலும் கூடாது. 4:3 படத்தை 4×6க்கு இழுத்தால் முகம் எட்டில் ஒரு பங்கு அகன்றோ நீண்டோ விகாரப்படும்.

பிக்சல் கணக்கு

விகிதம் பொருந்தினாலும் பிக்சல் போதாவிட்டால் படம் கலங்கும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சுத்துறையின் பொது அளவுகோல். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளிப் பார்ப்பதற்கு 150 வரை தாங்கும். 300 கணக்கில் 4×6க்கு 1200×1800, 8×12க்கு 2400×3600, 12×18க்கு 3600×5400 பிக்சல் வேண்டும்.

4032×3024 படத்தை 3:2க்கு வெட்டினால் 4032×2688 மிஞ்சும். அது 12×18 தாளில் அங்குலத்துக்கு 224 பிக்சல், சுவருக்குத் தாராளம். அதே படம் வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் வந்தால் நீளவாட்டில் ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். அப்போது 4×6க்கு 267 கிடைக்கும், குறையில்லை, 8×12க்கு 133, 12×18க்கு வெறும் 89. ஆகவே பெரிதாக அச்சிட வேண்டிய படத்தை வாட்ஸ்அப்பில் ஆவணமாகவோ, மின்னஞ்சலிலோ, பென்டிரைவிலோ கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கு மிகக் கடுமையாகப் புலப்படும் இடம் துக்க வீடு. மறைந்தவரின் தனிப்படம் இல்லாத வீட்டில், ஏதோ ஒரு விசேஷத்தின் குழுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து ‘பன்னிரண்டுக்குப் பதினைந்து’ போடச் சொல்வார்கள். வெட்டியெடுத்த பகுதி 600×750 பிக்சல் இருந்தால் விகிதம் 5:4க்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் அங்குலத்துக்கு 50 பிக்சல்தான் தேறும். மென்பொருள் கொண்டு தெளிவாக்கினால் தோல் வழவழப்பாகி, சில வேளை ஜாடையே மாறிவிடும். அதைவிட 5×7 அல்லது 6×8 அளவில் அச்சிட்டு, அகலமான மவுண்ட் (படத்தைச் சுற்றி ஓரமாக நிற்கும் திறப்புள்ள அட்டை) வைத்துப் பெரிய சட்டத்தில் போடுவது முகத்தைக் காப்பாற்றும். சுவரில் அதன் நிறைவும் குறையாது. மாலை போடும் படமாதலால் தலைக்கு மேல் தாராளமாக இடம் விட்டு வெட்டுவதும் அவசியம்.

சட்டமும் மவுண்டும்

பிரேம் கடையில் ‘எட்டுக்குப் பன்னிரண்டு சட்டம்’ என்றால் அது உள்ளே வைக்கும் கண்ணாடியின் அளவு. சட்டக் கட்டையான பீடிங்கின் உதடு நான்கு பக்கமும் சுமார் கால் அங்குலம் படத்தின் மேல் ஏறி உட்காரும் என்பதால் வெளியே தெரிவது 7½×11½ தான். படத்தின் விளிம்பில் தேதியோ, பெயரோ, யாருடைய காலோ இருந்தால் அது மறைந்துவிடும்.

மவுண்ட் இல்லாமல் நேரே சட்டம் போட்டால் தாளின் அளவும் சட்டத்தின் அளவும் ஒன்றே. நம்மூர் பிரேம் கடைகளில் பீடிங்கை எந்த நீளத்துக்கும் 45 பாகையில் அறுத்துச் சேர்த்துத் தருவார்கள். சாமி படத்துக்கும், காபா, மதீனா படத்துக்கும், பட்டச் சான்றிதழுக்கும் அப்படித்தான் சட்டம் போடப்படுகிறது. ஆகவே சட்டத்துக்காகப் படத்தை வெட்ட வேண்டிய கட்டாயம், ஆயத்தச் சட்டம் வாங்குபவருக்கு மட்டுமே உண்டு. எனினும் கண்ணாடி படத்தில் நேரே பட்டால், ஈரப்பதமுள்ள மாதங்களில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். இடையில் மவுண்ட் அட்டை வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

மவுண்ட் வைத்துவிட்டால் கணக்கே மாறுகிறது. படத்துக்கும் தாளுக்கும் இடையே பார்க்க வேண்டியது விகிதம். மவுண்ட் வைத்த படத்துக்கும் சட்டத்துக்கும் இடையே பார்க்க வேண்டியது வித்தியாசம். நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் ஓரம் நிற்க வேண்டுமானால், படத்தின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து வரும் எண்ணும் சட்டத்தில் அப்படிக் கழித்து வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 8×12 படத்தில் வித்தியாசம் 4. 12×16 சட்டத்திலும் 4. நான்கு பக்கமும் சரியாக 2 அங்குலம் ஓரம் நிற்கும். 16×20 சட்டத்தில் அதே படம் 4 அங்குல ஓரத்துடன் அமரும். 5×7, 6×8, 8×10 மூன்றிலும் வித்தியாசம் 2. மூன்றும் 10×12 சட்டத்தில் முறையே 2½, 2, 1 அங்குல ஓரத்துடன் அமையும். 12×16 படம் 16×20 சட்டத்தில் 2 அங்குலத்துடனும், 12×18 படம் 18×24 சட்டத்தில் 3 அங்குலத்துடனும் நிற்கும்.

விகிதம் முற்றிலும் வேறான 3:2 படமும் 5:4 சட்டமும் மவுண்ட் வைத்தால் எளிதில் கூடிவிடுவதை இதில் காணலாம். 8×10, 16×20 போன்ற பழைய சட்ட அளவுகள் டிஜிட்டல் காலத்திலும் பயன்படுவதற்கு இது ஒரு காரணம். மவுண்டின் திறப்பைப் படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ⅛ அங்குலம் சிறிதாக வெட்டினால்தான் படம் நழுவாது. கீழ் ஓரத்தை மற்ற மூன்றையும்விடச் சற்று அகலமாக விடுவது சட்டம் போடுபவர்களின் பழைய வழக்கம். சரிநடுவில் வைத்த படம் கண்ணுக்குச் சற்றுக் கீழிறங்கித் தெரிவதை அது சரிசெய்யும்.

விதிக்கப்பட்ட அளவுகள்

சில படங்களுக்கு அளவைப் பிறர் விதிக்கிறார்கள். அங்கே வெள்ளை ஓரமோ மவுண்டோ செல்லாது. பாஸ்போர்ட் அளவு எனப்படும் 35×45 மி.மீ. படத்தின் விகிதம் 7:9. 4×6 அங்குலத் தாளில் நான்காக இரண்டு வரிசை அடுக்கினால் எட்டுப் பிரதி கொள்ளும். ஸ்டுடியோக்களில் எட்டு எட்டாகத் தருவதற்கு இது வசதி. நிரந்தரக் கணக்கு எண் அட்டைக்கான விண்ணப்பப் படிவத்தில் ஒட்டுவது 25×35 மி.மீ. அமெரிக்க விசாவுக்கு வேண்டியது 2×2 அங்குலச் சதுரம். பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டிவிட்ட படத்திலிருந்து அமெரிக்கச் சதுரத்தை எடுக்க முடியாது. பக்கவாட்டில் இடம் இராது. வெட்டாத மூலப்படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போகும் வேலை மிச்சமாகும்.

நீட் தேர்வுக்கு ‘அஞ்சலட்டை அளவு’ என்று கேட்கப்பட்டது 4×6 அங்குலப் படம். இந்திய அஞ்சல் துறையின் அஞ்சலட்டையோ 14×9 செ.மீ., அதாவது ஏறத்தாழ 5½×3½ அங்குலம். பெயரைச் சொல்லாமல் அங்குலத்தையோ மில்லிமீட்டரையோ சொல்லி அச்சிடுவதே பிழைக்கு இடம் தராது.

ஏற்றுமதி ஊர்களுக்கே உரியது காலணிப் படம். ஷூவின் பக்கத் தோற்றம் நீளமானது. இணைய விற்பனைத் தளங்கள் வேண்டுவதோ பெரும்பாலும் சதுரம். 4:3 படத்தில் எடுக்கக்கூடிய பெரிய சதுரம் பரப்பில் 75 விழுக்காடு. காலணியை அந்தச் சதுரத்துக்குள் அடங்குமாறு நடுவில் வைத்து, சுற்றிலும் வெறும் வெள்ளைப் பின்னணி விட்டு எடுத்தால், ஒரே படம் இணையத்துக்குச் சதுரமாகவும் அச்சுப் புத்தகத்துக்கு ஏ4ஆகவும் பயன்படும்.

எடுக்கும்போதே பார்க்க வேண்டியவை

அச்சிலும் சட்டத்திலும் எழும் சிக்கல்களில் பெரும்பகுதியைப் படம் எடுக்கும் நொடியிலேயே தவிர்த்துவிடலாம். செல்பேசியைத் திரை நிறையும் அமைப்பில் வைக்காமல் 4:3இல் வைத்தால் உணரியின் முழுப் பரப்பும் கிடைக்கும். குழுப்படத்தில் இரு முனையிலும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டால் 5:4 தாளும் பயமுறுத்தாது. தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம் விட்டால் 4:3 படத்தை 4×6க்கு வெட்டும்போது நெற்றியும் பாதமும் தப்பும். சுவரில் எந்த இடத்தில் மாட்டுவது என்பது முன்பே தெரியாவிட்டால் படுக்கையாகவும் செங்குத்தாகவும் ஒவ்வொன்று எடுத்து வைப்பது மேலும் நல்லது. செங்குத்துப் படத்திலிருந்து படுக்கைப் படம் வெட்டியெடுத்தால் ஏறக்குறையப் பாதி போய்விடும்.

பிறகு வரிசை இதுதான்: மூலப் படத்தைச் சுருக்காமல் வைத்துக்கொள்வது, அதன் விகித எண்ணை வகுத்து அறிவது, அந்த எண்ணுக்கு நெருங்கிய தாளைத் தேர்வது, பொருந்தாத மிச்சத்தை எந்தப் பக்கம் வெட்டுவது அல்லது எவ்வளவு ஓரம் விடுவது என்று முடிவு செய்வது, சுவருக்கான படமானால் கழித்தல் கணக்குப் பார்த்துச் சட்டம் சொல்வது. செல்பேசிப் படத்துக்கு 6×8உம் 12×16உம், பெரிய கேமராவின் படத்துக்கு 4×6உம் 8×12உம் 12×18உம், இரண்டும் கலந்த தொகுப்புக்கு 5×7உம் ஏ4உம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் அன்றாடத் தேவையில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.